கட்டம் பிரிப்பதும் கட்டத்தை நகர்த்துவதும்: காமிக்ஸ் பக்க அமைப்புக்கு க்ளிப் ஸ்டூடியோ பெயிண்ட்

க்ளிப் ஸ்டூடியோ பெயிண்ட் என்ற ஓவிய மென்பொருள் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் அதன் தூரிகைகளில் தொடங்கித் தூரிகைகளிலேயே முடிந்துவிடுகின்றன. கோடு எவ்வளவு இயல்பாக விழுகிறது, மை எப்படிப் பரவுகிறது என்பனவெல்லாம் பேசத் தக்கவைதாம். ஆனால் காமிக்ஸ் பக்கம் ஒன்றை உருவாக்குபவர் கோடு போடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. இந்தப் பக்கத்தில் எத்தனை கட்டங்கள் (ஒவ்வொரு காட்சியையும் அடைக்கும் சட்டங்கள்), எது அகலம், எது உயரம், வாசகரின் கண் எந்த மூலையில் நுழைந்து எந்த வழியாக வெளியேறும், பக்கத்தைப் புரட்டும் கணத்தில் அவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், என்ன தெரிந்திருக்கக் கூடாது என்பதே அந்தக் கணக்கு. இந்த மதிப்புரை அந்தப் பக்க அமைப்பு வேலையை மட்டும் முன்வைத்து மென்பொருளைப் பார்க்கிறது.

எந்த அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பக்க அமைப்பு முதல் முயற்சியிலேயே அமைவது அரிது. வரைந்து, தள்ளி நின்று பார்த்து, ஒரு கட்டத்தைச் சுருக்கி, இன்னொன்றை நீட்டி, மறுபடியும் பார்த்துத்தான் அது உருவாகிறது. எனவே ஒரு கருவி கட்டங்களை எவ்வளவு வேகமாகப் போடுகிறது என்பதைக் காட்டிலும், போட்ட கட்டத்தை மாற்ற நினைக்கும்போது அதுவரை செய்த உழைப்பில் எவ்வளவை அழிக்கச் சொல்கிறது என்பதே எனக்கு முக்கியம். உள்ளங்கை அளவுச் சிறு வரைவில் ஒரு கட்டத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். பென்சில் வேலை முடிந்த பின் அதே மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். மை போட்டு வசனமும் எழுதிவிட்டால், பக்கம் சரியில்லை என்று தெரிந்தாலும் பெரும்பாலோர் தொடத் துணிய மாட்டார்கள். அந்தத் துணிவை இந்த மென்பொருள் எந்த அளவுக்குத் தருகிறது?

இதை உருவாக்கியது ஜப்பானிய நிறுவனமான செல்சிஸ். 2001இல் வெளிவந்த காமிக் ஸ்டூடியோ என்ற மென்பொருள்தான் இதன் முன்னோடி. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் அது மங்கா ஸ்டூடியோ என்ற பெயரில் விற்கப்பட்டது. க்ளிப் ஸ்டூடியோ பெயிண்ட் 2012இல் வந்தது. ப்ரோ, ஈஎக்ஸ் என்று இரண்டு முதன்மைப் பதிப்புகள் இதற்கு உண்டு. கட்டம் பிரிக்கும் கருவிகள், வசன பலூன்கள், முப்பரிமாண உருவங்கள் ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. பல பக்கங்களை ஒரே நூலாகத் தொகுத்துக் கையாளும் வசதியும், கதை முழுவதன் வசனத்தையும் ஒரே இடத்தில் எழுதித் திருத்தும் ஸ்டோரி எடிட்டரும் ஈஎக்ஸ் பதிப்பில் மட்டுமே கிடைக்கின்றன. ஒற்றைப் பக்கக் கதைகள் வரைபவருக்கு ப்ரோ போதும். அதைத் தாண்டினால் ஈஎக்ஸ் இல்லாமல் சமாளிப்பது கடினம். நான் இங்கே எழுதுவது ஈஎக்ஸ் பதிப்பை மனத்தில் கொண்டே.

புதிய கோப்பு திறக்கும்போதே இது காமிக்ஸுக்காக உருவான மென்பொருள் என்பது தெரிந்துவிடும். பொதுவான ஓவிய மென்பொருள்கள் அகலத்தையும் உயரத்தையும் கேட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டும். இதில் காமிக்ஸ் வகையைத் தேர்ந்தெடுத்தால், நூல் வெட்டப்படும் எல்லை, அதற்கு வெளியே படம் வழிந்து நிற்க வேண்டிய ப்ளீட் பகுதி, உள்ளே கட்டங்கள் அமைய வேண்டிய அடிப்படைச் சட்டகம் ஆகிய மூன்றும் தனித்தனிக் கோடுகளாகத் தாளில் வந்து நிற்கின்றன. ஜப்பானிய இதழ்களுக்கான மூலப் பக்கம் 257 × 364 மி.மீ. கொண்ட பி4 தாளில் வரையப்படுகிறது. அதில் வெட்டு எல்லை 220 × 310 மி.மீ., உள் சட்டகம் 180 × 270 மி.மீ.; அச்சில் அது 182 × 257 மி.மீ. கொண்ட பி5 அளவுக்குச் சுருங்குகிறது. இந்த அளவுகள் முன்னமைவாகவே கிடைக்கின்றன. அமெரிக்க முறையில் 11 × 17 அங்குலத் தாளில் 10 × 15 அங்குலப் பரப்புக்குள் வரைந்து, சுமார் 6⅝ × 10¼ அங்குல நூலாக அச்சிடுவார்கள். அந்த எண்களைத் தட்டச்சு செய்து, பெயரிட்டுச் சேமித்துக்கொண்டால் அடுத்த முறை உதவும்.

இந்தச் சுருக்க விகிதத்தைப் பக்க அமைப்போடு சேர்த்துப் பார்க்காதவர்கள் பலர். மூலத்தில் விசாலமாகத் தெரியும் கட்டம் அச்சில், அமெரிக்க அளவில் என்றால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்குக் குறைந்துவிடும்; அதற்குள் இரண்டு முகங்களும் நான்கு வரி வசனமும் இருந்தால் எதுவும் தெளிவாக இராது. திரையில் பக்கத்தை அச்சிடப்படும் அளவிலேயே காட்டும் வசதி மென்பொருளில் இருக்கிறது. திரையின் அடர்த்தியை ஒருமுறை சரியாக அமைத்துவிட்டு, ஒவ்வொரு வரைவையும் அந்த அளவில் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போவது நல்லது. கட்டங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்ற முடிவு பெரும்பாலும் அந்தப் பார்வையில்தான் பிறக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. மென்பொருளின் கட்டக் கருவி மிகவும் சுலபமாக இருப்பதால், யோசிப்பதற்கு முன்பே பக்கத்தைப் பிரித்துவிடத் தோன்றும். நேர்க்கோடுகளும் சீரான சந்துகளும் (கட்டங்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடங்கள்) கொண்ட பக்கம், உள்ளே ஒன்றுமே இல்லாதபோதும், முடிவடைந்ததைப் போன்ற தோற்றம் தருகிறது; அந்தத் தோற்றத்துக்கு மயங்கி, பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஏதாவதொரு படத்தைத் திணிக்க வேண்டிய நிலை வருகிறது. கட்டங்களை முதலில் கையால், கோணல்மாணலாக, ஒரு தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒளிபுகும் தாள் போன்றது) கிறுக்கிவிடுவதே சரி. ஈஎக்ஸின் பக்க மேலாண்மைச் சாளரத்தில் எல்லாப் பக்கங்களும் வரிசையாகத் தெரிவதால், இருபது பக்கக் கதையின் கிறுக்கலை முழுவதுமாக ஒரே பார்வையில் அளக்க முடிகிறது. எந்தப் பக்கம் நெரிசலாக இருக்கிறது, எங்கே தொடர்ந்து மூன்று பக்கங்கள் ஒரே அமைப்பில் சோர்வாகப் போகின்றன, பெரிய படம் எவ்வளவு இடைவெளிக்கு ஒருமுறை வருகிறது என்பவை அந்தச் சாளரத்தில் உடனே புலப்படும்.

ஸ்டோரி எடிட்டரும் இந்த நிலையில்தான் மிகுந்த பயன் தருகிறது. வசனங்களைப் பக்கவாரியாக அதில் எழுதினால், அவை அந்தந்தப் பக்கத்தில் எழுத்துத் துண்டுகளாக வந்து அமர்கின்றன. அங்கே ஒரு சொல்லைத் திருத்தினால் பக்கத்திலும் திருந்துகிறது. படம் வரைவதற்கு முன்பே உண்மையான எழுத்தளவில் வசனம் பக்கத்தில் நிற்பதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. தமிழில் எழுதுபவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ போன்ற ஒரே வினைமுற்று ஒரு குறுகிய கட்டத்தின் அகலம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். அதை முதலில் தெரிந்துகொண்டால், அந்தக் கட்டத்தை அகலமாக்குவதா, வசனத்தைச் சுருக்குவதா என்று நிதானமாக முடிவெடுக்கலாம். படம் முடிந்த பின் தெரிந்துகொண்டால் பலூன் யாருடைய முகத்தையாவது மறைத்துத்தான் தீரும்.

இனி கட்டம் பிரிக்கும் கருவிக்கு வருகிறேன். ஒரு பெரிய சட்டகத்தை வைத்துக்கொண்டு, அதன் குறுக்கே ஒரு கோட்டை இழுத்தால் அது இரண்டாகப் பிரிகிறது. நடுவில் நாம் குறித்துவைத்த அகலத்தில் சந்து தானாக விழுகிறது. இழுக்கும் கோடு சாய்வாக இருந்தால் கட்டங்களும் சாய்வாகப் பிரியும். எத்தனை வரிசை, எத்தனை பத்தி என்று எண் கொடுத்துச் சமமாகப் பிரிக்கவும், பிரித்த கட்டங்களை மறுபடி ஒன்றாக இணைக்கவும் கட்டளைகள் இருக்கின்றன. பிரிப்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கோப்புறையை (லேயர்களின் தொகுப்பை) உண்டாக்குகிறது. மற்றது, எல்லாக் கட்டங்களையும் ஒரே கோப்புறைக்குள் வைத்து எல்லைக்கோட்டை மட்டும் பிரிக்கிறது. தொடக்கக்காரரைக் குழப்பும் இடம் இது. வரைவு நிலையில் இரண்டாவது முறையும், இறுதி வரைபடத்துக்கு முதல் முறையும் பொருத்தமானவை. தனிக் கோப்புறை இருந்தால், ஒரு கட்டத்துக்குள் வரைந்தது பக்கத்துக் கட்டத்துக்குள் வழியாமல் மாஸ்க் (எல்லைக்கு வெளியே உள்ளதை மறைக்கும் திரை) தடுத்துவிடும். ஆனால் எட்டுக் கட்டப் பக்கம் ஒன்றில் லேயர் பட்டியல் நீண்டு, தேடுவதே தனி வேலையாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சந்தின் அகலத்தை மேல்கீழாகவும் இடவலமாகவும் வெவ்வேறாக அமைக்கலாம் என்பது பார்ப்பதற்குச் சிறிய வசதி. என் கணிப்பில், பக்க அமைப்புக்கு இந்த மென்பொருள் தரும் மிகப் பெரிய உதவி அதுதான். காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். பக்கத்தின் இடப்புறத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சிறு கட்டங்கள், வலப்புறத்தில் அவ்விரண்டின் உயரத்துக்கும் சேர்த்து ஒரே நெடிய கட்டம் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டத்தை வாசித்து முடித்தவர் வலப்பக்கம் போவாரா, கீழே இறங்குவாரா? இடமிருந்து வலமாக வாசித்துப் பழகிய கண் வலப்பக்கம் இழுக்கும். கதையோ கீழே இறங்கச் சொல்கிறது. எல்லாச் சந்துகளும் ஒரே அகலத்தில் இருந்தால் வாசகர் ஒரு கணம் தடுமாறுவார். தவறான வழியில் போய்விட்டுத் திரும்பவும் வருவார். இடப்புறக் கட்டங்களுக்கு நடுவே உள்ள சந்தைக் குறுக்கி, அவற்றுக்கும் நெடிய கட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தை அகலப்படுத்தினால், இரண்டு சிறு கட்டங்களும் ஒரே கூட்டமாகத் தெரிந்து, கண் தானாகக் கீழே இறங்குகிறது. அப்போதும் ஐயம் தீரவில்லையென்றால், முதல் கட்டத்தின் பலூனை அதன் கீழ் விளிம்பைத் தாண்டி இரண்டாம் கட்டத்துக்குள் தொங்கவிடலாம். நெடிய கட்டத்தை இடப்பக்கத்துக்கு மாற்றிவிட்டால் சிக்கலே எழாது. ஆனால் அதற்குக் கதையின் வரிசை இடம் தர வேண்டும்.

பொதுவாகவே வரிசைகளுக்கு நடுவே அகலமான சந்தும், ஒரே வரிசைக்குள் இருக்கும் கட்டங்களுக்கு நடுவே குறுகலான சந்தும் இருந்தால் வாசிப்பு ஒழுங்காக ஓடும். ஜப்பானியப் பக்கங்களில் இது பரவலான வழக்கம். எடுத்துக்காட்டாக, வரிசைகளுக்கிடையே 6 மி.மீ., வரிசைக்குள் 3 மி.மீ. என்று கருவியில் குறித்துவிட்டால், பிறகு எங்கே வெட்டினாலும் அந்த விகிதம் காக்கப்படும். இந்த எண்கள் கருவியின் பண்புப் பட்டியலில் ஓரிடத்திலும், பொது விருப்ப அமைப்பில் இன்னோரிடத்திலும் இருக்கின்றன. எது எதை மேலாள்கிறது என்று புரிந்துகொள்ளச் சிறிது பொறுமை வேண்டும். அடிப்படையான ஓர் அமைப்பை இப்படிச் சிதறவிட்டிருக்க வேண்டியதில்லை.

பிரித்த பின் செம்மைப்படுத்துவது எப்படி இருக்கிறது என்பதே நான் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை தரும். இதற்குப் பயன்படுவது ஆப்ஜெக்ட் கருவி. ஒரு கட்டத்தின் எல்லையைத் தொட்டு இழுத்தால், ஒட்டியுள்ள கட்டங்களின் எல்லைகளும் சந்தின் அகலம் கெடாமல் சேர்ந்து நகரும்படி அமைத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் அந்த ஒரு கட்டத்தை மட்டும் நகர்த்தலாம். கட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சிறு மஞ்சள் முக்கோணம் தெரியும். அதைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் அடுத்த கட்டத்தின் எல்லைவரை தானாக நீள்கிறது; அந்தத் திசையில் கட்டம் இல்லையென்றால் தாளின் விளிம்புவரை ஓடிப் ப்ளீட் கட்டமாகிவிடுகிறது. எல்லைக்கோட்டின் தடிமனை மாற்றலாம். கோட்டை முழுவதுமாக நீக்கி, சட்டமில்லாக் கட்டமாகவும் ஆக்கலாம். இவை எல்லாமே வெக்டர் வடிவில் (புள்ளிகளாக அன்றிக் கணக்கிட்ட கோடுகளாக) இருப்பதால், எத்தனை முறை நகர்த்தினாலும் கோடு மழுங்குவதில்லை.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். ஒருத்தி இரவில் வீடு திரும்புகிறாள். கதவு திறந்து கிடக்கிறது. தயங்கி உள்ளே நுழைகிறாள். நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார். முதல் வரைவில் இதை மூன்று வரிசை, இரண்டு பத்தி என ஆறு சமக் கட்டங்களாகப் பிரித்தால் கதை புரியும். ஆனால் பதற்றம் எதுவும் இராது, ஏனென்றால் தெருவில் நடப்பதற்கும் கதவைத் தள்ளுவதற்கும் ஒரே அளவு காலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மேல் வரிசையின் இரு கட்டங்களையும் இணைத்து ஒரே அகலக் கட்டமாக்கினால், வீடும் இருட்டும் அவளுடைய சிறிய உருவமும் அங்கே இடம் பெறும். நடு வரிசையை மூன்றாகவோ நான்காகவோ குறுக்கி, கைப்பிடி, கதவின் இடுக்கு, அவளுடைய கண் என்று நெருக்கமான துண்டுகளாக்கி, அவற்றின் நடுவிலுள்ள சந்தையும் ஒடுக்கினால் வாசிப்பின் வேகம் கூடுகிறது. பிறகு நடு வரிசையின் கீழ் எல்லையை மேலே இழுத்து அதன் உயரத்தைக் குறைத்தால், மிச்சமான இடம் கடைசி வரிசைக்குப் போகும். அதில் அவளுடைய முகம் மட்டும், எல்லைக்கோடு இல்லாமல், பக்கத்தின் கீழ் விளிம்புவரை வழிந்து நிற்கலாம். நாற்காலியில் இருப்பவர் இந்தப் பக்கத்தில் வரவே கூடாது. அவர் அடுத்த பக்கத்துக்கு உரியவர். இந்த மாற்றங்கள் அனைத்தையும் கட்டளைகளும் இழுவைகளுமாகச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். இரண்டு மாற்று அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைத்து, ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டி ஒப்பிடவும் முடியும். காகிதத்தில் இந்த ஒப்பீட்டுக்காகவே பக்கத்தை மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

ஆனால் இதே மாற்றங்களைப் படம் வரைந்து முடித்த பின் செய்ய முயன்றால் நிலைமை வேறு. கட்டத்தின் எல்லையை ஆப்ஜெக்ட் கருவியால் நகர்த்தும்போது உள்ளிருக்கும் படம் நகர்வதில்லை. சன்னல் மட்டுமே நகர்கிறது. கட்டத்துக்கு வெளியேயும் கொஞ்சம் தாராளமாக வரைந்து வைத்திருப்பவருக்கு இது வரம்; மாஸ்க்குக்குப் பின்னால் மறைந்திருந்த பகுதி வெளியே தெரியும், அவ்வளவுதான். எல்லைக்கோட்டோடு நிறுத்தி வரைந்தவருக்குக் கட்டத்தின் ஓரத்தில் வெள்ளை விழும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் எல்லையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது கூடுதலாக வரைந்துவிடும் பழக்கத்தை இந்த மென்பொருளில் வேலை செய்பவர் கட்டாயம் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அகலக் கட்டத்தை நெடிய கட்டமாக மாற்றும்போது உள்ளே உள்ள அமைப்பையே மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும். அதற்கு எந்த மென்பொருளும் பொறுப்பேற்க முடியாது.

வசன பலூன்கள் தனிப் பொருள்களாக இருப்பதால் அவற்றை எந்த நிலையிலும் நகர்த்தலாம். வாலின் முனையைப் பேசுபவரின் வாய்ப்பக்கம் திருப்பலாம். எழுத்தும் பலூனும் ஒரே லேயரில் சேர்ந்து நகர்கின்றன. பக்கம் முழுவதிலும் பலூன்களை மட்டும் தெரியவைத்து, படங்களை எல்லாம் மங்கலாக்கிவிட்டுப் பார்த்தால், வாசகரின் கண் போகும் பாதை ஒரு கோடு போலப் புலப்படும். அந்தப் பாதை எங்காவது பின்னோக்கி வளைந்தால் அங்கே திருத்தம் தேவை என்று பொருள். முதலில் பேசுபவரின் பலூன் இடப்பக்கத்திலும் மேலேயும் இருக்க வேண்டும் என்ற விதி எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் கட்டத்துக்குள் அந்தப் பாத்திரம் வலப்பக்கம் நின்றால், வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதைப் பலூனை நகர்த்தித் தீர்ப்பதைவிட, பாத்திரங்களின் இடத்தை வரைவிலேயே மாற்றுவது மேல்.

தொலைவுத் தோற்றத்துக்கு ஏற்பக் கோடுகளை வழிநடத்தும் பெர்ஸ்பெக்டிவ் ரூலரைக் கட்டத்தின் கோப்புறைக்குள் வைத்தால், அது அந்தக் கட்டத்துக்குள் மட்டுமே இயங்கும்படி அமைக்கலாம். ஒரே பக்கத்தில் ஐந்து கட்டங்களுக்கு ஐந்து தொடுவானங்களை வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று மோதாமல் வேலை செய்யலாம். முப்பரிமாண உருவங்கள் கோணம் தேடப் பயன்படுகின்றன. அவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எந்தக் கோணமும் சுலபமாகக் கிடைப்பதால், தேவையில்லாமல் ஒவ்வொரு கட்டத்திலும் கேமராவைச் சுழற்றி, வாசகருக்குத் தலைசுற்றலை உண்டாக்கும் பக்கங்கள் இப்போது பெருகிவிட்டன என்பதை மட்டும் குறிப்பிட்டுக் கடந்துபோகிறேன்.

பக்கங்களைத் தொகுத்துக் கையாள்வதில் மென்பொருள் பெருமளவுக்குச் சரியாகச் சிந்தித்திருக்கிறது. நூல் இடப்பக்கம் தைக்கப்படுமா, வலப்பக்கமா என்று தொடக்கத்திலேயே கேட்கிறது. ஜப்பானிய நூல்கள் வலமிருந்து இடமாகப் போவதால், இந்தத் தேர்வைக் கவனிக்காமல் விட்டால் எதிரெதிர்ப் பக்கங்கள் எல்லாமே இடம் மாறிவிடும். இடப்பக்கம் தைத்த நூலில் ஒற்றைப்படைப் பக்கங்கள் வலப்புறத்தில் வருகின்றன; ஆகவே புரட்டலுக்கு முந்தைய கடைசிக் கட்டம் எப்போதும் ஒற்றைப்படைப் பக்கத்தில் இருக்கும், அதிர்ச்சியோ வெளிப்பாடோ இரட்டைப்படைப் பக்கத்தின் தலையில் வர வேண்டும். முன்சொன்ன நாற்காலிக்காரர் இரண்டாம் பக்கத்திலோ நான்காம் பக்கத்திலோதான் தோன்ற முடியும். மூன்றாம் பக்கத்தில் தோன்றினால், எதிர்ப்பக்கத்தைத் திறந்த கணத்திலேயே ஓரக்கண்ணில் பட்டுவிடுவார். நடுவில் ஒரு பக்கத்தைச் சேர்த்தால் அதற்குப் பின் வரும் அத்தனை பக்கங்களின் இடவலமும் மாறும். மேலாண்மைச் சாளரம் எதிரெதிர்ப் பக்கங்களை இணையாகக் காட்டுவதால் இந்த விளைவை உடனே பார்த்துக்கொள்ள முடிகிறது. இரண்டு பக்கங்களை ஒன்றாக இணைத்து ஒரே அகலப் படமாக வரையவும், வேண்டாமென்றால் மறுபடி பிரிக்கவும் முடியும். நூலாகத் தைத்த பிறகு எப்படி இருக்கும் என்று முப்பரிமாணத்தில் புரட்டிப் பார்க்கும் முன்னோட்டமும் உண்டு. முதலில் விளையாட்டுப் பொருளாகத் தோன்றினாலும், தையல் பள்ளத்தில் எந்த முகம் சிக்கிக்கொள்கிறது என்பதைக் காட்டும்போது அதன் அருமை தெரியும்.

இதே பகுதியில்தான் என் முதன்மையான குறையும் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. அதனால் ஐந்தாம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தை ஆறாம் பக்கத்தின் முதல் கட்டமாக மாற்ற வேண்டுமென்றால், கோப்புறையை நகலெடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒட்டி, இடம் பார்த்து நிறுத்தி, பிறகு பழைய பக்கத்தில் அதை நீக்கி, இரண்டு பக்கங்களின் மீதிக் கட்டங்களையும் சரிசெய்ய வேண்டும். கதையின் தாளத்தைச் செம்மைப்படுத்துவதில் அடிக்கடி நேர்வது துல்லியமாக இந்த மாற்றம்தான். ஒரு கட்டத்தைப் பக்கம் விட்டுப் பக்கம் தள்ளுவதே புரட்டலைக் கூர்மையாக்கும் முதன்மையான உத்தி. பக்கங்களின் வரிசையை மாற்ற இழுத்துப் போட்டால் போதும் என்று வைத்திருப்பவர்கள், கட்டங்களுக்கும் அதே வசதியைத் தந்திருக்கலாம். ஒரு பக்கத்துக்குள் மாற்றத்தின் விலையை மிகவும் குறைத்த இந்த மென்பொருள், பக்கங்களுக்கு நடுவே அதைக் குறைக்கவில்லை. ஆகையால் எந்தக் கட்டம் எந்தப் பக்கத்தில் என்பதைக் கிறுக்கல் நிலையிலேயே தீர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகே எல்லைக்கோடு போட வேண்டும் என்பது இதில் நடைமுறை விதியாகிவிடுகிறது.

மாற்றுக் கருவிகளையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிரிட்டா இலவசமானது, திறந்த மூலமானது. ஓவியக் கருவி என்ற முறையில் குறைசொல்ல முடியாதது. பக்கங்களைத் தொகுக்க அதிலும் ஒரு காமிக்ஸ் மேலாளர் செருகுநிரல் இருக்கிறது. ஆனால் கோடு இழுத்துக் கட்டம் பிரித்து, சந்தைத் தானாக விட்டு, கட்டத்துக்கொரு மாஸ்க் தரும் இந்த ஒழுங்கை அதில் பெரும்பாலும் வெக்டர் லேயர்களையும் மாஸ்க்குகளையும் கொண்டு நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் பக்கங்களையும் எழுத்துகளையும் கையாள்வதில் மிக வலிமையானது. வரைந்து முடித்த பக்கங்களை நூலாக்க அது ஏற்றது, வரைந்துகொண்டே மாற்றுவதற்கு ஏற்றதன்று. காகிதமும் பென்சிலும் கிறுக்கல் நிலையில் இன்றும் எந்த மென்பொருளையும்விட வேகமானவை. அந்தக் கிறுக்கலைப் படமெடுத்து, க்ளிப் ஸ்டூடியோவின் பக்கத்தில் அடிலேயராக வைத்து, அதன் மேல் கட்டம் பிரிப்பதே எனக்கு மிகவும் உவப்பான வழி.

கைப்பேசியில் மேலிருந்து கீழாக உருட்டி வாசிக்கும் வெப்டூன்களுக்கும் இதில் முன்னமைவுகள் உள்ளன. கைப்பேசித் திரையில் ஒரே சமயத்தில் எவ்வளவு பகுதி தெரியும் என்பதைக் காட்டும் சட்டகமும் இருக்கிறது. அங்கே சந்து என்பது காலத்தின் அளவாகவே மாறிவிடுவதால், கட்டங்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்தைச் செம்மைப்படுத்துவது தனிக் கலை. இங்கே பேசிய பக்க விதிகளில் பாதி அதற்குப் பொருந்தாது.

உரிமம் குறித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. கணினிக்கு ஒருமுறை பணம் செலுத்தி வாங்கும் உரிமம் கிடைக்கிறது. ஆனால் 2023இல் இரண்டாம் பதிப்பு வந்ததிலிருந்து பெரிய மேம்பாடுகளுக்குத் தனியாகப் பணம் செலுத்த வேண்டியிருக்கிறது. ஐபேட், ஆண்ட்ராய்டு பலகைக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் சந்தா முறை மட்டுமே உண்டு. இந்த மதிப்புரையில் பேசிய கட்டக் கருவிகளில் ஏறக்குறைய அனைத்தும் முதல் பதிப்பிலிருந்தே இருப்பவை. எனவே பக்க அமைப்பை மட்டும் கருதி வாங்குபவர் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஓட வேண்டியதில்லை.

பல பக்கக் கதை வரைபவருக்கு ஈஎக்ஸ் பதிப்பை நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வாங்குவதற்கு முன் சோதனைக் காலத்தில் ஒரு வேலையைச் செய்து பார்ப்பது நல்லது. ஏற்கெனவே வரைந்து முடித்த, ஆனால் எங்கோ சரியில்லை என்று உறுத்திக்கொண்டிருக்கும் பழைய பக்கம் ஒன்றை அதில் ஏற்றி, கட்டங்களை மென்பொருளின் சட்டகங்களாக மறுபடி அமைத்து, நடு வரிசையை ஒரு சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள். பிறகு அதன் கடைசிக் கட்டத்தை எடுத்து அடுத்த பக்கத்துக்கு மாற்றிப் பாருங்கள்.